தொழுவத்தில் பிறந்த சபை... நிறுவனரையே வெளியே நிறுத்திய காலம்! - ஜூலியன் டெனிசன் உட்ஸ் என்ற பங்குத்தந்தையின் கதை

1871-ம் ஆண்டு செப்டம்பர் 22. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்தில் ஒரு கன்னியர் மடம். 29 வயதுப் பெண் ஒருவர் ஆயர் முன் மண்டியிட்டிருக்கிறார். ஆயரின் கையில் செங்கோல், தலையில் கிரீடம். அவர் வாயிலிருந்து வருவதோ ஆசீர்வாதம் இல்லை. 'கீழ்ப்படிய மறுத்த குற்றத்துக்காக உன்னைத் திருச்சபையிலிருந்து விலக்குகிறேன்' என்ற பொருளில் தீர்ப்பு சொல்லப்படுகிறது.

அந்தப் பெண்ணின் பெயர் மேரி மெக்கிலாப். இன்று உலகம் அவரை ஆஸ்திரேலியாவின் முதல் புனிதராக அறியும். 2010-ம் ஆண்டு அக்டோபர் 17 அன்று போப் பதினாறாம் பெனடிக்ட் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது, வாடிகன் சதுக்கம் முழுக்க ஆஸ்திரேலியக் கொடிகள் பறந்தன.

ஆனால், 1871-ல் மேரி மண்டியிட்டிருந்த அந்த இடத்தில் இன்னொருவரும் இருந்திருக்க வேண்டும். அந்தச் சபையை மேரியோடு சேர்ந்து தொடங்கியவர், அதன் சட்டதிட்டங்களை எழுதியவர், அதன் இயக்குநராக இருந்தவர். அவர் அப்போது அடிலெய்டிலேயே இல்லை. வேறொரு மாநிலத்துக்குப் போயிருந்தார்.

அவர்தான் அருட்தந்தை ஜூலியன் எட்மண்ட் டெனிசன் உட்ஸ். பத்து வருடங்கள் ஒரு குக்கிராமத்துப் பங்குத்தந்தை. அதே சமயம், ஆஸ்திரேலியாவின் முக்கியமான இயற்கை விஞ்ஞானிகளில் ஒருவர். ஒரே மனிதருக்குள் இருந்த இந்த இரண்டு மனிதர்களின் கதையைக் கேட்டால், 'இவரைப் பற்றி ஏன் இதுவரை யாருமே சொல்லவில்லை' என்று தோன்றும்.

எதிலும் நிலைக்காத இளைஞர்

1832 நவம்பர் 15-ல் லண்டனில் பிறந்தவர் உட்ஸ். அப்பா பத்திரிகையாளர். லண்டனின் பிரபலமான 'டைம்ஸ்' நாளிதழோடு தொடர்புள்ள குடும்பம். பெரிய குடும்பம், நிறைய பிள்ளைகள்.

இளம் வயதிலேயே துறவியாக வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. பாடுகளின் சபையில் சேர்ந்தார். உடல்நிலை ஒத்துழைக்கவில்லை, வெளியே வந்தார். பிரான்ஸுக்குப் போய் மரிஸ்ட் துறவிகளோடு சில காலம் இருந்தார். அதுவும் நிலைக்கவில்லை. பிறகு டாஸ்மேனியாவின் ஆயரைச் சந்தித்தார். அவரோடு கப்பலேறி 1855-ல் அங்கே போய், கைதிகளுக்கான சேவையில் ஈடுபட்டார். அங்கேயும் ஆயரோடு ஒத்துப்போகவில்லை.

அடுத்து அடிலெய்டு. அங்கே ஒரு செய்தித்தாளில் உதவி ஆசிரியர் வேலை. இன்றைய பாஷையில் சொன்னால், 'செட்டில் ஆகாத பையன்'. வீட்டுக்கு வரும் உறவினர்கள் பார்த்ததுமே கேள்வி கேட்கிற ரகம்.

கடைசியில் அவரைப் பிடித்து நிறுத்தியவர்கள், அடிலெய்டுக்கு வடக்கே செவன்ஹில் என்ற ஊரில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த ஆஸ்திரியா நாட்டு இயேசு சபைத் துறவிகள். அவர்களிடம் இறையியல் படித்தார். 1857 ஜனவரி 4-ம் தேதி குருப்பட்டம். அப்போது அவருக்கு வயது 24.

அவருக்குக் கொடுக்கப்பட்ட முதல் பங்கின் பெயர் பெனோலா.

கேரளாவை விடப் பெரிய பங்கு!

'பங்கு' என்றதும் நமக்கு ஒரு கோயில், சுற்றி நாலைந்து தெரு, இரண்டு மூன்று கிளைக் கிராமங்கள் என்றுதான் மனதில் வரும். உட்ஸின் பங்கு ஏறத்தாழ 22,000 சதுர மைல். கிலோமீட்டர் கணக்கில் சுமார் 57,000 சதுர கிலோமீட்டர். கேரளாவின் பரப்பளவே 39,000 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவுதான். ஒன்றரை கேரளாவுக்கு அருகில், ஒரே ஒரு பாதிரியார், ஒரு குதிரை!

ரயில் இல்லை, ஒழுங்கான சாலை இல்லை. ஆட்டுப் பண்ணைகளும், மேய்ப்பர்களின் குடிசைகளும், புதர்க்காடுகளும்தான். ஒரு வீட்டில் பூசை வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக ஒரு நாள் முழுக்கக் குதிரையில் போக வேண்டியிருக்கும்.

இந்த நீண்ட தனிமைப் பயணங்களில்தான் விஞ்ஞானி உட்ஸ் பிறந்தார். குதிரை மெதுவாக நடக்கும்போது கீழே குனிந்து கல்லைப் பார்ப்பார். கிளிஞ்சல் புதைந்த சுண்ணாம்புப் பாறை, எரிமலைச் சாம்பல் படிந்த குன்று, திடீரென்று நிலத்தில் திறந்திருக்கும் குகை வாய் என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். ஆங்காங்கே இறங்கிக் கற்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

பெனோலாவுக்கு வடக்கே இருந்த நாரகூர்ட் குகைகளுக்குள் இறங்கியவர், அங்கே குவிந்துகிடந்த விலங்கு எலும்புகளைப் பார்த்து அசந்துபோனார். அவற்றைப் பற்றி எழுதினார். 1862-ல் தென் ஆஸ்திரேலியாவின் நில அமைப்பு பற்றி அவர் எழுதிய புத்தகம் வெளியானது. அந்த நாரகூர்ட் குகைகள் இன்று யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களம். அழிந்துபோன ராட்சத விலங்குகளின் புதைபடிவங்களுக்காக 1994-ல் அந்த அங்கீகாரம் கிடைத்தது. ஒரு கிராமத்துப் பாதிரியார் தூர்தலத்துக்குப் பூசை வைக்கப் போகிற வழியில் கவனித்து எழுதிய இடம் அது!

1865-ல் ஆஸ்திரேலியக் கண்டத்தைக் கண்டறிந்த பயணிகளின் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதினார். குதிரை ஏறுவதிலும் கவிதை எழுதுவதிலும் பெயர்பெற்ற ஆடம் லிண்ட்சே கார்டன் அவருடைய நண்பர். கத்தோலிக்கர் அல்லாதவர்களும் அவர் வீட்டுக்கு வந்து பேசிக்கொண்டிருப்பார்கள். பியானோ வாசிப்பார், ஓவியம் வரைவார். அந்தக் காட்டுக்குள் இப்படி ஒரு மனிதர்!

ஆனால், ஒரு விஷயம் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

'இந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுப்பது?'

பண்ணைக் கூலிகளின் பிள்ளைகள், மேய்ப்பர்களின் பிள்ளைகள்... யாருக்கும் எழுத்து தெரியாது. தென் ஆஸ்திரேலிய அரசு 1851-லேயே மதப் பள்ளிகளுக்குப் பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. ஐரோப்பாவிலிருந்து கன்னியாஸ்திரிகளை வரவழைக்கலாம் என்றால், அவர்கள் பெரிய மடம் வேண்டும் என்பார்கள். கட்டணம் கட்டக்கூடிய பிள்ளைகள் உள்ள நகரத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். ஆட்டு மந்தைக்கு நடுவே யார் வருவார்கள்?

1860-ல் பெனோலாவில் இருந்த ஒரு பண்ணை வீட்டுக்கு, அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வந்து சேர்ந்தார். வயது 18. அந்த வீட்டுக்காரர்கள் அவருக்குச் சொந்த அத்தை குடும்பம். ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய பெற்றோருக்கு எட்டுப் பிள்ளைகளில் மூத்தவர். அப்பா தொட்ட தொழில் எல்லாம் நஷ்டம். அதனால் சின்ன வயதிலிருந்தே குடும்பத்துக்குச் சம்பாதித்துப் போட வேண்டிய நிலை. அவர்தான் மேரி மெக்கிலாப்.

மேரி, வீட்டுப் பிள்ளைகளோடு சேர்த்து அக்கம்பக்கத்து ஏழைப் பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். பங்குத்தந்தை இதைப் பார்த்தார். 'நான் தேடிக்கொண்டிருந்த ஆள் இவர்தான்' என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மேரிக்கும் துறவியாக வேண்டும் என்ற ஆசை இருந்தது. ஆனால், குடும்பத்தின் பசி அவரை விடவில்லை. ஆறு வருடங்கள் இருவரும் கடிதத்தில் பேசிக்கொண்டே காத்திருந்தார்கள்.

1866-ல் மேரி தன் தங்கைகளோடு பெனோலாவுக்குத் திரும்பினார். பள்ளிக்கூடம் நடத்தக் கிடைத்த இடம், ஒரு பழைய குதிரை லாயம். மேரியின் தம்பி ஜான் அதைப் பழுது பார்த்துக் கொடுத்தார். சீக்கிரத்திலேயே 50 பிள்ளைகளுக்கு மேல் வந்துவிட்டார்கள். அந்த வருடம் மார்ச் 19, புனித சூசையப்பர் திருநாளன்று மேரி எளிய கறுப்பு உடை உடுத்திக்கொண்டார். புனித சூசையப்பரின் திரு இருதய சகோதரிகள் சபை அன்றிலிருந்துதான் தன் வயதைக் கணக்கிடுகிறது.

உட்ஸ் எழுதிய சட்டம்

1867-ல் ஆயர், உட்ஸை அடிலெய்டுக்கு அழைத்து, மறைமாவட்டக் கத்தோலிக்கக் கல்வி முழுவதற்கும் இயக்குநராக்கினார். மேரியும் அங்கே வந்தார். சபைக்கான ஒழுங்குச் சட்டத்தை உட்ஸ் எழுதினார். அதில்தான் அவருடைய மனம் முழுசாகத் தெரிகிறது.

சகோதரிகளுக்குச் சொந்தமாக எதுவும் இருக்கக் கூடாது. தனியாளுக்கு மட்டும் இல்லை, சபைக்கே சொத்து கூடாது. பெரிய மடம் வேண்டாம். இரண்டு பேர், மூன்று பேராகச் சாதாரண வீடுகளில், ஏழைகள் வாழ்கிற மாதிரியே வாழ வேண்டும். 'படித்த சகோதரி', 'சமையல் சகோதரி' என்ற ஏற்றத்தாழ்வு கிடையாது. அந்தக் காலத்து ஐரோப்பிய மடங்களில் இந்தப் பாகுபாடு மிகச் சாதாரணம் என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று புரியும். பணக்கார வீட்டுப் பெண்களைக் கவரும் பியானோ வகுப்புகளும் கூடாது. பியானோ வாசிக்கிற பாதிரியாரே போட்ட தடை!

முக்கியமான ஒன்று, சகோதரிகள் எந்த ஊரில் வேலை செய்தாலும் அந்தந்த ஊர் ஆயருக்குக் கீழே பிரிந்துபோகாமல், தாங்களே தேர்ந்தெடுத்த தலைவியின் கீழ் ஒரே குடும்பமாக இருப்பார்கள். சபை சந்தித்த சண்டைகளில் பாதி இந்த ஒரு வரியிலிருந்துதான் வந்தது.

ஆரம்பத்தில் எல்லாம் அற்புதமாக நடந்தது. 1869 முடிவில் 70 சகோதரிகளுக்கு மேல், 21 பள்ளிகள். 1871-ல் சுமார் 130 பேர், 40-க்கும் மேற்பட்ட பள்ளிகளும் இல்லங்களும். பழுப்பு நிறத் துறவு உடை அணிந்ததால் மக்கள் அவர்களைச் செல்லமாக 'பிரவுன் ஜோயிஸ்' என்று அழைத்தார்கள்.

எங்கே சறுக்கியது?

உட்ஸ் கனவு காண்பதில் கெட்டிக்காரர். கணக்கு வழக்கில் இல்லை. பள்ளிகள் பெருகப் பெருகக் கடனும் பெருகியது. ஒரே சமயத்தில் பத்து வேலைகளை இழுத்துப் போட்டுக்கொண்டார். பத்திரிகை நடத்தினார், பள்ளிகளைச் சுற்றிப் பார்த்தார், இரவில் எழுதினார். உடல் தளர்ந்தது.

இதை விடப் பெரிய சறுக்கல் ஒன்று உண்டு. சபையில் இரண்டு சகோதரிகள், தங்களுக்குத் தெய்வீகக் காட்சிகள் தெரிவதாகச் சொல்லத் தொடங்கினார்கள். மடத்தில் விசித்திரமான சம்பவங்கள் நடந்தன. பாறையின் வயதைக் கேள்வி கேட்டே கண்டுபிடித்த விஞ்ஞானி, இதை மட்டும் கேள்வி கேட்காமல் நம்பிவிட்டார். மேரிக்குச் சந்தேகம் இருந்தது, தன் கவலையை அவரிடம் சொல்லவும் செய்தார். உட்ஸ் கேட்கவில்லை. ஊர்க் குருக்களுக்கு இது போதாதா? 'பைத்தியக்காரப் பாதிரியார், பைத்தியக்காரக் கன்னியர்' என்கிற ரீதியில் பேச்சு கிளம்பியது.

இன்னொரு காரணமும் இருந்தது. அது பல காலம் பேசப்படாமலே கிடந்தது. 1870-ல், ஒரு பங்கின் பாதிரியார் பிள்ளைகளிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபடுவதாகச் சகோதரிகள் உட்ஸிடம் சொன்னார்கள். அவர் மேலிடத்துக்குத் தகவல் சொன்னார். அந்தப் பாதிரியார் நாட்டை விட்டே அனுப்பப்பட்டார். அவருடைய நண்பரான இன்னொரு பாதிரியார் இதற்காக உட்ஸ் மீதும் சகோதரிகள் மீதும் வன்மம் கொண்டார் என்றும், வயதாகி உடல்நலம் குன்றியிருந்த ஆயரிடம் அவருக்குச் செல்வாக்கு இருந்தது என்றும் 2010-ல், புனிதர் பட்ட விழாவுக்கு முன்பு, ஆஸ்திரேலிய ஊடகங்கள் விரிவாக எழுதின. புகார் சொன்ன பெண்களுக்கு என்ன நடக்கும் என்பது 1870-லும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

1871-ல் ஆயர் ஷீல் சபையின் சட்டத்தை மாற்ற முனைந்தார். சகோதரிகளை இரண்டு வகுப்பாகப் பிரிக்க வேண்டும், அந்தந்தப் பங்குக் குருவின் கீழ் வர வேண்டும் என்றார். 'இது நாங்கள் வாக்குக் கொடுத்த வாழ்க்கை இல்லையே' என்று மேரி தயங்கினார். ஆயரை நேரில் பார்த்துப் பேச அனுமதி கேட்டார். அதற்குக் கிடைத்த பதில்தான் அந்தச் செப்டம்பர் 22.

தெருவுக்கு வந்த சகோதரிகள்

மேரி மட்டும் இல்லை, பல சகோதரிகள் துறவு உடையைக் களைந்துவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. சபைக்கென்று ஒரு வீடுகூடச் சொந்தமாக இல்லை. உட்ஸ் எழுதிய சட்டம் அப்படி!

அப்போது ஒரு வீட்டை வாடகை இல்லாமல் கொடுத்தவர் இம்மானுவேல் சாலமன். இங்கிலாந்திலிருந்து கைதியாக ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டு, பிறகு வியாபாரத்தில் வளர்ந்து, நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆன யூதர். கத்தோலிக்க ஆயர் வெளியேற்றிய கத்தோலிக்கக் கன்னியருக்கு யூதர் ஒருவர் கூரை கொடுத்தார். இயேசு சபைக் குருக்களும் மேரிக்குத் துணை நின்றார்கள்.

ஐந்து மாதங்கள் போயின. சாகக் கிடந்த ஆயர் ஷீல் தன் தவற்றை உணர்ந்து, விலக்கத்தை நீக்க உத்தரவிட்டார். 1872 பிப்ரவரி 21-ல், மார்ஃபெட் வேல் என்ற ஊரின் தேவாலயத்தில் மேரி மீண்டும் திருச்சபையில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். சில நாள்களில், மார்ச் 1 அன்று ஆயர் இறந்துவிட்டார்.

சகோதரிகள் திரும்பி வந்தார்கள். பள்ளிகள் திறந்தன. உட்ஸ் மட்டும் அடிலெய்டில் தன் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. விசாரணை ஒன்று நடந்தது. சபையின் இயக்குநர் பொறுப்பிலிருந்து அவர் விலக்கப்பட்டார். கடன், நிர்வாகக் குளறுபடி, அந்தக் காட்சிகள் விவகாரம் எல்லாம் சேர்ந்து அவருக்கு எதிராக நின்றன.

ரோமில் மாறிய வரி

அடுத்து நடந்ததுதான் உட்ஸுக்குத் தாங்க முடியாத அடி. 1873-ல் மேரி, சபைக்குப் போப்பின் அங்கீகாரம் பெறத் தனியாக ரோமுக்குக் கப்பலேறினார். துறவு உடையில்கூட இல்லை. சாதாரணப் பெண் போல, 'திருமதி மெக்டொனால்டு' என்ற பெயரில் பயணம். ரோமில் அதிகாரிகள் உட்ஸின் சட்டத்தைப் பரிசீலித்தார்கள். சபை ஒரே தலைவியின் கீழ் இருக்கலாம் என்றார்கள். ஆனால், 'சபைக்குச் சொத்தே கூடாது' என்ற விதியை ஏற்கவில்லை. சபை சொத்து வைத்துக்கொள்ளலாம் என்று மாற்றி, புதிய சட்டத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். மேரி ஏற்றுக்கொண்டார்.

இதில் யார் பக்கம் நியாயம்? ரோமின் பார்வையில் யோசித்தால், 1871-ல் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் தலைக்கு மேலிருந்த கூரை ஒரே நாளில் கேள்விக்குறியானதே, அது போதுமான பதில். தனக்கென்று ஒரு சுவர்கூட இல்லாத சபையை யார் வேண்டுமானாலும் விரட்டலாம். உட்ஸின் பார்வையில், சொத்து வந்துவிட்டால் ஏழைகளோடு ஏழையாக வாழ்கிற சகோதரி, சொத்தைக் காக்கிற சகோதரியாகிவிடுவார். பெனோலாவின் குதிரை லாயம்தான் அவருக்குச் சபை. அந்த விதி போனால் எல்லாமே போச்சு.

'என் சட்டத்துக்காக மேரி போதிய அளவு போராடவில்லை' என்று உட்ஸ் நினைத்தார். மேரி எவ்வளவோ விளக்கிப் பார்த்தார். அவர் மனம் ஆறவில்லை. ஒரு தகப்பன் - மகள் போல இருந்த உறவில் விழுந்த விரிசல் அது. முழுசாக ஒட்டவே இல்லை.

சபைக்குள்ளும் பிளவு வந்தது. பாதர்ஸ்ட் மறைமாவட்டத்தின் ஆயர் மேத்யூ குவின், தன் பகுதிச் சகோதரிகள் தன் கீழ்தான் இருக்க வேண்டும் என்றார். ரோமின் புதிய சட்டத்தை ஏற்காத சிலர் அங்கே தங்கிவிட்டார்கள். கறுப்பு உடை அணிந்ததால் இவர்கள் 'கறுப்பு ஜோசப்பியர்'. பிரிஸ்பேனிலும் இதே பிரச்னை. அங்கே ஆயராக இருந்தவர் ஜேம்ஸ் குவின், மேத்யூவின் உடன்பிறந்த அண்ணன்! பல வருடங்களாகத் தனித்தனியே வளர்ந்த கிளைகளில் சில, 2010-களில்தான் மேரியின் சபையோடு மீண்டும் இணைந்தன.

மறுபடியும் குதிரை, மறுபடியும் கல்

சபையை இழந்த உட்ஸ் என்ன செய்தார்? பல வருடங்கள் நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து, டாஸ்மேனியா என்று ஊர் ஊராகப் போய்த் தியானப் பிரசங்கம் செய்தார். பிரிஸ்பேனில் பெண்களுக்காக இன்னொரு சிறிய துறவு சபையைத் தொடங்கினார். விட்ட இடத்திலிருந்து விஞ்ஞானத்தையும் பிடித்துக்கொண்டார். கடல் கிளிஞ்சல்கள், பவளம், மீன்கள் என்று கட்டுரைகள் குவிந்தன. நியூ சவுத் வேல்ஸின் மீன்வளம் பற்றி 1882-ல் புத்தகம் எழுதினார். சிட்னியில் இயங்கிய லின்னேயன் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார்.

1883-ல் மலாயாவுக்குப் புறப்பட்டார். நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் சர் ஃபிரெடரிக் வெல்டு அவருடைய நண்பர். அவர் அழைப்பின் பேரில் பேராக் உள்ளிட்ட பகுதிகளில் வெள்ளீயம், கனிம வளம் பற்றி ஆய்வு செய்தார். ஜாவா, பிலிப்பைன்ஸ், ஜப்பான் என்று மூன்று ஆண்டுகள் சுற்றினார். 1886-ல் திரும்பியவர் ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் கனிம ஆய்வைத் தொடர்ந்தார். அந்த வெப்பமும் அலைச்சலும் அவருடைய உடம்பை முடித்துவிட்டன.

அவர் மலாயாவுக்குக் கிளம்பிய அதே 1883-ல், மேரியும் அடிலெய்டிலிருந்து வெளியேற்றப்பட்டார். இந்த முறை வேறு ஆயர். மேரி சபைத் தலைமையகத்தைச் சிட்னிக்கு மாற்றினார்.

1888. சபைக்கு ரோமின் இறுதி அங்கீகாரம் கிடைத்த வருடம். அதே வருடம் நியூ சவுத் வேல்ஸ் ராயல் சொசைட்டி, உட்ஸுக்குக் கிளார்க் பதக்கம் கொடுத்தது. ஆஸ்திரேலிய இயற்கை விஞ்ஞானத்தில் பெரிய கௌரவம் அது. இரண்டு செய்திகளையும் அவர் சிட்னியில் நோயாளியாகப் படுத்திருந்தபடிதான் கேட்டிருப்பார். எழுத முடியாத நிலையில் தன் நினைவுகளைச் சொல்லச் சொல்ல, உடனிருந்த பெண்கள் எழுதிக்கொண்டார்கள். 1889 அக்டோபர் 7-ம் தேதி உயிர் பிரிந்தது. வயது 56. கடலைப் பார்த்தபடி இருக்கும் சிட்னியின் வேவர்லி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

மேரி எழுதிய புத்தகம்

மேரி அதன் பிறகு 20 வருடங்கள் வாழ்ந்தார். 1902-ல் நியூசிலாந்தில் இருந்தபோது பக்கவாதம் தாக்கியது. வலது பக்கம் செயலிழந்ததால் இடது கையால் எழுதப் பழகிக்கொண்டார். 1909 ஆகஸ்ட் 8-ம் தேதி சிட்னியில் இறந்தார்.

அந்த இறுதி ஆண்டுகளில் அவர் செய்த வேலைகளில் ஒன்று, உட்ஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதியது. தன்னைப் பற்றி எழுதச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டிருக்கக்கூடும். அவர் எழுதியது, தன்னோடு மனத்தாங்கலோடு பிரிந்துபோன பாதிரியாரைப் பற்றி. அது நெடுங்காலம் கையெழுத்துப் பிரதியாகவே இருந்தது. 1997-ல்தான் அச்சுப் புத்தகமாக வந்தது. அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்புதான், 1995-ல், போப் இரண்டாம் ஜான் பால் சிட்னிக்கே வந்து மேரியை அருளாளர் நிலைக்கு உயர்த்தியிருந்தார்.

பெனோலாவில் அந்தப் பழைய குதிரை லாயம் இன்று இல்லை. ஆனால், பங்குத்தந்தை உட்ஸ் அடிலெய்டுக்கு மாற்றலாகிப் போன 1867-ம் ஆண்டில், அதற்குப் பதிலாக எழுப்பப்பட்ட கல் பள்ளிக்கூடம் இருக்கிறது. புனித மேரியைத் தேடி வருகிறவர்கள் அந்தக் கட்டடத்துக்கும் வருகிறார்கள். அதன் பெயர், 'உட்ஸ் - மெக்கிலாப் பள்ளி'.